மாரிசாமிக்கு மஞ்சள் டேக்

என் வீட்டுக்காரர் மாரிசாமி ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவர். தம்மாத்தூண்டு போல்ட்டைக்கூட அளக்காமல் பாஸ் பண்ண மாட்டார். சந்தேகம் வந்தால் மஞ்சள் டேக் கட்டிவிடுவார். டேக் கட்டிய பீஸ் கேட்டைத் தாண்டக் கூடாது. முதலாளியே வந்து நின்றாலும் சரி.

அப்பேர்ப்பட்டவர் தன்னை மட்டும் அளக்க விடமாட்டார்.

"ஏங்க, ராத்திரி அஞ்சு தடவை எந்திரிக்கிறீங்க. குடம் குடமா தண்ணி குடிக்கிறீங்க. கால் புண்ணு ஒரு மாசமா ஆறல. சுகர் பாத்துருவோமா?"

"முப்பத்திரண்டு வயசுல எனக்கு என்ன சுகரு? போய் டீ போடு."

என் மாமனாரும் விருதுநகரில் இப்படித்தான் டீ கேட்டுக்கொண்டிருந்தாராம். நாற்பத்தாறு வயதில் சுகரிலேயே போய்விட்டார். எனக்கோ இந்தச் சூளகிரியில் இவரையும் எட்டு மாதப் பாப்பாவையும் விட்டால் யாருமில்லை. பக்கத்து வீட்டில் தெலுங்கு. எதிர்வீட்டில் கன்னடம். நான் படித்த கான்வென்டில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார்கள்.

இவருக்கு செகண்ட் ஷிஃப்ட். நடுராத்திரி வருவார், சாப்பிடுவார், படுப்பார். நான் என்ன பேசினாலும் போர்வைக்குள்ளிருந்து ஒரு "ம்" வரும். மூன்று வருடமாக அந்த "ம்"மோடுதான் குடித்தனம்.

அன்று காலை, வீடு வீடாகப் போய் சுகரும் பிரஷரும் பார்க்கிற சாந்தம்மாக்கா மிஷினோடு வந்தார்.

"எழுப்பும்மா அவரை."

"எழுப்பினா ஓடிருவார்க்கா. அப்படியே குத்திருங்க."

"அய்யய்யோ! ஆளு சம்மதிக்காம நான் ஊசி வைக்க மாட்டேன்."

குனிந்து அவர் காதில் கேட்டேன். "ஏங்க, விரல்ல சின்னதா ஒரு குத்து. குத்தட்டுமா?"

"ம்."

"கேட்டுச்சாக்கா?"

சாந்தம்மாக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மிஷினைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"வெறும் வயித்துலயே இருநூத்தி எண்பத்தாறு. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா. தள்ளிப் போடாதே."

பாப்பா விளையாடட்டும் என்று அவர் கொண்டுவந்து போட்டிருந்த மஞ்சள் டேக்கில் ஒன்றை எடுத்தேன். எழுதி, அவர் மணிக்கட்டில் கட்டினேன்.

பதினொரு மணிக்கு எழுந்தவர் வாய்விட்டுப் படித்தார். "பீஸ்: மாரிசாமி. குறை: சுகர் 286. முடிவு: நிறுத்தி வைக்கவும்... யாரைக் கேட்டுடி குத்தின?"

"உங்களைத்தான். 'ம்'னீங்க. சாந்தம்மாக்கா சாட்சி."

"அதெல்லாம் அப்புறம். கம்பெனி வண்டி வந்துரும்." சட்டையையும் செருப்பையும் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"டேக் கட்டின பீஸு கேட்டைத் தாண்டலாமாங்க?"

வாசல் வரை போனவர் நின்றார். டேக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிய்த்தெறிந்திருக்கலாம். ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு டேக்கைக்கூட முறையில்லாமல் பிய்க்காத கை அது. செருப்பைக் கழற்றிவிட்டு, லீவு சொல்ல போனை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். சாப்பாட்டை அளந்து சாப்பிடச் சொன்னார்கள், தினமும் நடக்கச் சொன்னார்கள். "பயப்படாதீங்க, கட்டுக்குள்ள வந்துரும்" என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார்.

திரும்பி வரும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். ஒரு முழுச் சாயங்காலம் பேச ஆள் இருக்கிறது! மூன்று வருடக் கதையை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தபடியே பாப்பாவைத் தூங்க வைத்தேன். தலையைச் சீவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏங்க, கொஞ்ச நேரம் பேசிட்டிருக்கலாமா?"

"ம்" என்றது போர்வை.