அடுத்த கப்பலில் மெக்கானிக்

டெலானிபூர் மேட்டில் பாதி ஏறியதும் கஸ்பாரின் மூன்று சக்கர வண்டி மறுபடியும் நின்றுவிட்டது. பின்னால் கூடை கூடையாகச் சூரை மீன். வெயில் ஏற ஏற, மீன் வந்திருக்கும் சேதியை அதன் வாசனையே தெருவுக்குச் சொல்லிவிட்டது. குவார்ட்டர்ஸ் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

டிங்கிப் படகை விற்று வாங்கிய வண்டி அது. கடலில் கிடந்து அல்லாடுவதைவிட, படகுத்துறை ஜெட்டியில் மீன் வாங்கி மேட்டில் விற்கலாம் என்பது கஸ்பாரின் திட்டம். வேண்டாம் என்று கிளாரா தலைதலையாய் அடித்துக்கொண்டாள். இப்போது டிங்கியும் இல்லை, வண்டியும் ஓடவில்லை. பெண்டாட்டி முகத்தில் முழிக்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது. எப்பாடுபட்டாவது வண்டியை ஓட வைத்துவிடுவது என்று முடிவு செய்தான்.

வண்டியை விற்ற ஏஜென்ட் பக்தவத்சலத்தின் கடை ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு எதிரே இருந்தது. பெட்ரோமாக்ஸ், ரேடியோ, சைக்கிள் என்று மெயின்லாந்திலிருந்து தீவுக்கு வருகிற சகலத்துக்கும் அவர்தான் ஏஜென்ட். மனிதர் கோபித்து யாரும் பார்த்ததில்லை. கஸ்பார் போட்ட சத்தத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கியர் ஒயரை அவரே இழுத்துக் கட்டிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வண்டி பின்பக்கமாக மட்டும் ஓடியது.

கஸ்பார் அசரவில்லை. கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாகவே மேடேறினான். மீனும் விற்றது. ஆனால் கழுத்து அப்படியே பிடித்துக்கொண்டது. சாப்பிட உட்கார்ந்தால் கிளாரா எதிரில் இருக்க, அவன் சுவரைப் பார்த்துப் பேசவேண்டியிருந்தது.

மறுபடி கடைக்குப் போனான். பக்தவத்சலம் கியர் பெட்டியையே கழற்றி மெட்ராஸுக்குக் கப்பலேற்றினார். பெட்டி திரும்பும்போது கம்பெனி மெக்கானிக்கும் கூடவே வருவார், பக்கா என்றார். கப்பல் வந்தது. வெங்காயம் வந்தது, சிமெண்ட் வந்தது, யாரோ பெரிய அதிகாரியின் பசுமாடுகூட இறங்கியது. பெட்டியும் மெக்கானிக்கும் மட்டும் வரவில்லை. அடுத்த கப்பலிலும் அதே கதைதான்.

கஸ்பார் கடைக்குள் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, வண்டி ஓடுத வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

"தாராளமா உக்காருங்க," என்றார் பக்தவத்சலம். எதிர் டீக்கடை விசாலாட்சியிடம் இவனுக்கும் சேர்த்து டீ சொன்னார்.

தினமும் உட்கார்ந்தான். பக்தவத்சலம் சாப்பிடப் போகும் நேரத்தில் யாராவது வந்தால், பாவம் என்று இவனே பதில் சொல்லி அனுப்பினான். கடைசியில் அவர் இறங்கிவந்தார்.

"நானே மெட்ராஸ் போய் மெக்கானிக்கைக் கையோட கூட்டிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் கடைச் சாவி உங்ககிட்ட இருக்கட்டும்."

கஸ்பாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிடிவாதம் ஜெயித்துவிட்டது. அவருடைய பெட்டியைத் தானே தூக்கிக் கப்பல்வரை கொண்டுபோய்க் கொடுத்தான். கிளாரா கடைக்கே தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தாள். மறுவாரம் வங்காளி ஒருவர் பாடாத ரேடியோவைக் கொண்டுவந்து மேசையில் வைத்துக் கத்தினார்.

"தாதா, ஜஹாஸ் ஆனே தோ. மெக்கானிக் ஆயேகா, பக்கா," என்று, கப்பல் வரட்டும், மெக்கானிக் வந்துவிடுவார் என இந்தியில் சமாதானம் சொன்னான் கஸ்பார். அவர் முணுமுணுத்துக்கொண்டே ரேடியோவை வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த கப்பல் வந்தபோது, ஏணியை எடுக்கும்வரை ஜெட்டியிலேயே நின்றான். பக்தவத்சலம் இறங்கவில்லை. கடைக்குத் திரும்பினான். விசாலாட்சி டீ கொண்டுவந்தாள்.

"அடுத்த கப்பல்ல அண்ணாச்சி வந்துருவாரு அக்கா. மெக்கானிக் வராம நான் இந்தக் கடைய விட்டு நகரப் போறதில்ல."

விசாலாட்சி கிளாஸை வைத்தாள்.

"பக்தவத்சலமும் இதையேதான் சொன்னாரு தம்பி. தையல் மெஷின் ஓடலைன்னு சண்டை போட வந்தவரு அவரு. அப்ப இருந்த ஏஜென்ட், மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரேன்னு சாவியைக் குடுத்துட்டுக் கப்பலேறினாரு."