குளத்து மீனின் வயிறும் கரடியின் வயிறும்

ஒரு காட்டில், சிங்கத்தின் குகைக்குக் கீழே, கிட்டே போனால் மூக்கைப் பொத்த வேண்டிய ஒரு குளம் இருந்தது. அதில் நீர்நாய் மாசிலாமணி கெண்டை வளர்த்தது. வளர்த்தது என்று சொல்வது மரியாதைக்காக. மூன்று வேளையும் தீவனத்தை மூட்டை மூட்டையாகக் கொட்டும். மறுநாள் காலையில் மிதக்கிற மீனைக் கூடை கூடையாக அள்ளும். இரண்டு முறை குளமே செத்துப்போனது. "இந்த முறையும் செத்தால் குளம் முதலைக்கு" என்று சிங்கம் சொல்லிவிட்டது. மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. பிறந்ததிலிருந்து அந்தக் கரையைத் தவிர அதற்கு வேறு இடம் தெரியாது.

ஆலோசனை சொல்ல நரி வந்தது. ஏன் நரி என்று கேட்காதீர்கள். கதைகளில் அந்த வேலைக்கு வேறு யாரையும் எடுப்பதில்லை.

"மீனுக்கு வயிறு சரியில்ல அண்ணாச்சி. வயித்துல நல்ல கிருமி கொறைஞ்சு போச்சு" என்றது நரி.

"கிருமியில நல்லது வேற இருக்கா சார்?"

"இருக்கு. பாக்கெட்டுல வருது."

பாக்கெட்டில் இருந்த பொடியை ஈஸ்ட், வெல்லம், தவிடு, தண்ணீரோடு ஒரு டிரம்மில் கலக்க வேண்டும். மூடி ஒரு நாள் நுரைக்க விட வேண்டும். பிறகு தீவனத்தில் தெளித்து, நிழலில் உலர்த்திப் போட வேண்டும். இதுவரை நரி சொன்னதில் தப்பில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். நரி இரண்டு படிவங்களை நீட்டியது. காலையில் நல்ல கிருமி போட்டதற்கு ஒன்று. சாயங்காலம் குளத்தில் கிருமிநாசினி தெளித்ததற்கு ஒன்று.

"காலையில போட்ட கிருமிய சாயங்காலம் நாமளே கொன்னுர மாட்டமா சார்?"

"அது வேற திட்டம் அண்ணாச்சி. இது வேற திட்டம்."

வேலை முழுவதும் குளத்துக் காவல்காரன் கரடி சடையன் தலையில் விழுந்தது. முதல் டிரம் நுரைத்ததும் கரடி மூடியைத் திறந்தது. வெல்லமும் ஈஸ்டும் நுரைத்து வந்த வாசம் முகத்தில் அடித்தது. பதம் பார்க்க விரலை விட்டது. அப்புறம் கையை விட்டது. அப்புறம் தலையை விட்டது. காலி டிரம்மில் குளத்துத் தண்ணீரை ஊற்றி மூடிவிட்டு, நாவல் மரத்தடியில் படுத்தது. ஒரு மாதம் இதுதான் நடந்தது. மூன்று வேளைத் தீவனம் ஒரு வேளையானது; சில நாள் அதுவும் இல்லை. கிருமிநாசினி மூட்டை கரடிக்குத் தலையணையாக இருந்தது. படிவங்களில் மட்டும் ஒரு மாதத்துக்கும் சேர்த்து முதல் நாளே டிக் அடித்து வைத்திருந்தது.

தின்னாமல் அடியில் கிடந்து அழுகத் தீவனம் இல்லாததால் குளத்து நாற்றம் போயிற்று. தண்ணீர் தெளிந்தது. கெண்டைகள் துள்ளின.

"பாத்தியளா அண்ணாச்சி, நல்ல கிருமி வேலை செய்யுது!" என்றது நரி. சிங்கம் விழா எடுத்தது. மாசிலாமணிக்கு மாலை, கேடயம். கரடியையும் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அதற்கு மனசு கேட்கவில்லை. அழுதுவிட்டது.

"மொதலாளி, மன்னிச்சிருங்க. டிரம்மு மொத்தத்தையும் நாந்தான் குடிச்சேன். மீனுக்குச் சொட்டு போகல. ஆனா ஒண்ணு, பத்து வருசமா இருந்த என் வயித்துக் கோளாறு போயிட்டு."

"இத எழுத படிவத்துல எடம் இல்லையே" என்றது நரி.

மருந்தே போகாமல் மீன் எப்படிப் பிழைத்தது என்று மாசிலாமணி ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். கழுத்தில் மாலை கிடந்ததால் கோபம்தான் வந்தது. அங்கேயே கரடியை வேலையை விட்டு நிறுத்தியது.

கரடிக்குப் பதிலாக எறும்புகள் வந்தன. கதைகளில் காலங்காலமாக நல்ல பெயர் வாங்கி வைத்திருக்கும் அதே எறும்புகள். "நாங்க லீவே எடுக்க மாட்டோம் மொதலாளி" என்றது தலைவி எறும்பு. எடுக்கவும் இல்லை. காலையில் நல்ல கிருமி, சாயங்காலம் கிருமிநாசினி, மூன்று வேளையும் மூட்டை மூட்டையாகத் தீவனம். ஐந்தாம் நாள் விடியலில் கெண்டைகள் மேலே வந்து மூச்சுக்கு வாயைப் பிளந்தன. பத்தாம் நாள் குளம் வெள்ளை வெள்ளையாக மிதந்தது.

"எதை விட்டீங்க?" என்று மாசிலாமணி கத்தியது.

"ஒண்ணுகூட விடல மொதலாளி" என்று தலைவி எறும்பு படிவங்களை நீட்டியது.

நரி ஒவ்வொன்றாகப் பார்த்தது. "எல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி. மீனுதான் ஒத்துழைக்கல."

மாசிலாமணி கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பிறந்த கரையைத் திரும்பிப் பார்த்துப் பார்த்து நடந்தது. வயிறு எரிந்தது அதற்கு. அந்த எரிச்சலுக்கு எந்தப் பாக்கெட்டும் இல்லை.

குளத்தை எடுத்துக்கொண்ட முதலை நேராக நாவல் மரத்தடிக்குப் போய்க் கரடியை உலுக்கியது.

"எந்திரியும் வே. நாளையிலிருந்து வேலைக்கு வாரும்."

"நான் குடிப்பேனே."

"தெரியும்."

"தூங்கிருவேனே."

"அதுக்குத்தான் கூப்பிடுதேன்."

நீதி: சொன்னதை அப்படியே செய்கிறவனை வேலைக்கு வைக்கும் முன், சொல்வது சரியா என்று பாருங்கள்; அதற்கு நேரமில்லை என்றால், நல்ல குடிகாரனாகப் பார்த்து வையுங்கள்.