எல்லாரையும் லேசாக்கிய தராசு

அந்த மாதம் நகரத்தில் யாரும் யாரையும் சௌக்கியம் விசாரிக்கவில்லை. "எடை போட்டாச்சா?" என்றுதான் கேட்டுக்கொண்டார்கள்.

துலாச் சாமி என்று ஒருவர் வந்து இறங்கியிருந்தார். சோபாக் கடைக்கு மேல்மாடியில் வாடகைக்குக் கூடம் எடுத்து, குளிர்சாதனம் போட்டு, நடுவே ஆளுயரப் பித்தளைத் தராசு ஒன்றை நிறுத்தியிருந்தார். இவர் நோய் தீர்ப்பதில்லை, பேய் ஓட்டுவதில்லை, பிள்ளை வரம் கொடுப்பதில்லை. அதெல்லாம் போட்டி அதிகமான தொழில். இவர் பதில் சொல்வது ஒரே ஒரு கேள்விக்கு: "நான் பெரிய ஆளா, அவன் பெரிய ஆளா?"

இதற்கா கூட்டம் வரும் என்கிறீர்களா? மாடிப்படி முழுக்க வரிசை. கீழே விற்பனைக்கு வைத்திருந்த சோபாக்களில் எல்லாம் பக்தர்கள் சாய்ந்து கிடந்தார்கள். கடைக்காரர் யாரையும் விரட்டவில்லை. பாவம், அவரும் டோக்கன் வாங்கிக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

முறை ரொம்ப எளிது. வலது தட்டில் உங்களுக்காக ஒரு கறுப்புக் கல். இடது தட்டில், யாரை நினைத்து உங்கள் தூக்கம் கெடுகிறதோ அந்த ஆளுக்காக ஒரு கல். சாமி கண்ணை மூடி, "ஹூம்ம்" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு முழக்கம் கொடுப்பார். வலது தட்டு மெல்ல மேலே போகும்.

"ரொம்ப லேசா இருக்கியே மகனே! உன் செல்வத்தை அவன் கண்ணு உறிஞ்சுதே!"

பரிகாரம் பக்கத்து மேஜையில் தயாராக இருக்கும். தங்க நிறம் பூசிய பாரக்குண்டு. அலமாரியில் வைத்தால் செல்வம் கனக்குமாம். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு. அறியாமைக்கும் அளவு உண்டல்லவா!

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த கண்ணாடிக்காரர் இந்தச் சுழலில் சிக்கியது ஒரு புகைப்படத்தால். பள்ளிக்கூடத்து நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் டைல்ஸ்காரர் ஒரு படம் போட்டார். பளிங்குப் படிக்கட்டு. படியடியில் பளபளவென்று ஒரு கார். காரில் சாய்ந்து டைல்ஸ்காரர். அவ்வளவுதான். ஊராரின் பார்வையையெல்லாம் சரி செய்கிற மனிதருக்குச் சொந்தப் பார்வை அந்தப் படியிலேயே வழுக்கி விழுந்தது. படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். காரின் சக்கரத்தைக்கூட விடவில்லை.

முதலில் சின்னக் குண்டு வாங்கினார். தட்டு ஏறியது. நடுத்தரம் வாங்கினார். அப்போதும் ஏறியது. "பெரிசு வாங்காம இது அடங்காது" என்று சாமி கையை விரித்துவிட்டார்.

பெரிய குண்டின் விலைக்குக் கடையில் ஒரு புதிய கண் பரிசோதனை இயந்திரமே வாங்கலாம். அந்த இயந்திரத்துக்காகத்தான் அவரும் மனைவியும் வங்கியில் சேர்த்துவைத்திருந்தார்கள். கடையில் கண் பரிசோதிப்பது மனைவிதான். பணத்தை எடுக்க அவர் கையெழுத்தும் வேண்டும்.

"ஏங்க, ஒரு குண்டு வாங்கினா நாம எப்படிங்க பணக்காரங்க ஆவோம்?"

"அவனுக்குச் சமமா ஆவோம். அது போதும் எனக்கு."

"சரி, கையெழுத்துதானே? போடறேன். அந்தத் தராசை ஒரு தடவை என் கண்ணால பாத்துட்டுப் போடறேன்."

இருவரும் போனார்கள். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கண்ணாடிக்காரர் தொப்பியை மூக்குவரை இறக்கியிருந்தார். வரிசையில் முன்னால் நின்றவர் இன்னும் கெட்டிக்காரர். தொப்பி, முகக்கவசம், கறுப்புக் கண்ணாடி. ஆனால் அந்தக் கண்ணாடியின் சட்டத்தை இவர் தன் கையாலேயே மாட்டிவிட்டிருக்கிறார்!

"டேய்... நீயா?"

டைல்ஸ்காரர் துள்ளிவிட்டார். "நான் சும்மா... சோபா பாக்க வந்தேன்டா."

"மாடிப்படியிலயா?"

கண்ணாடிக்காரரின் மனைவி குறுக்கே புகுந்தார். "அண்ணே, மறைக்காதீங்க. யாரோட எடை போட வந்தீங்க?"

டைல்ஸ்காரர் தரையைப் பார்த்தார். "இவனோடதாம்மா. மூணு தடவை வந்துட்டேன். ஒவ்வொரு தடவையும் இவனை விட நான் லேசுன்னே வருது."

"என்னடா உளர்றே? உன்னை விட நான்தான் லேசு!"

"போடா! நான்தான் லேசு! சாமியே சொன்னாரு!"

"எனக்கும் சாமிதான்டா சொன்னாரு!"

யார் அதிக ஏழை என்று இரண்டு பெரிய மனிதர்கள் படிக்கட்டில் சட்டையைப் பிடிக்காத குறை.

"அப்போ அந்தப் படிக்கட்டு? அந்தக் காரு?"

"வீடு மாமனாரோடது. காரு மச்சானோடது. என்னோடதுன்னு அந்தப் படத்துல நான் மட்டுந்தான்டா இருந்தேன். உன் கடை வாசல்ல கூட்டத்தைப் பாத்துட்டு நான் எத்தனை நாள் வயிறெரிஞ்சிருக்கேன் தெரியுமா?"

மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, இருவரையும் இழுத்துக்கொண்டு நேராக உள்ளே போனார்.

உள்ளே ஒரு மருந்துக்கடைக்காரருக்கு எடை நடந்துகொண்டிருந்தது. "ஹூம்ம்." தட்டு ஏறியது. அடுத்து ஒரு வாத்தியார். "ஹூம்ம்." தட்டு ஏறியது. மனைவி தட்டைப் பார்க்கவில்லை. சாமியின் வாயையும் அவருக்குப் பின்னால் தொங்கிய திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாமி, கல்லு வேண்டாம். என் கைப்பையை வைக்கறேன்."

வலது தட்டில் பையை வைத்தார். இடது தட்டு காலி. வலது தட்டு தன் பாட்டுக்குத் தணிந்து நின்றது.

"தராசை அவமதிக்காதே தாயே, அது கோவிச்சுக்கும்!" என்று சாமி பதறினார்.

"நான் சமாதானம் சொல்லிக்கறேன் சாமி." சொல்லிவிட்டு, அவர் குரலைப் போலவே அடிவயிற்றிலிருந்து, "ஹூம்ம்!" என்றார்.

கைப்பை அழகாக மேலே எழும்பியது! எதிர்த்தட்டில் காற்றைத் தவிர ஒன்றுமில்லை.

வாத்தியார் தயங்கித் தயங்கி, "ஹூம்ம்?" என்றார். பை ஒரு குதி குதித்தது. மருந்துக்கடைக்காரரும் சொல்லிப் பார்த்தார். அப்புறம் கூடமே "ஹூம்ம்! ஹூம்ம்!" என்று முழங்க, பை ஏறி இறங்கி ஏறி இறங்கி ஆட்டம் போட்டது. சாமி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

டைல்ஸ்காரர் திரையை விலக்கினார். பிளாஸ்டிக் நாற்காலியில் தடித்த சீடர் ஒருவர், தராசிலிருந்து வந்த மெல்லிய கம்பியைக் கையில் சுற்றிக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்க இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சாமி, இவ்வளவு வேகமா போறீங்க? கை வலிக்குது!" என்றார் நிமிராமலே.

சாமி பின்வாசல் வழியாக ஓடப் பார்த்தார். சோபாக் கடைக்காரர் கீழே வழிமறித்து ஒரு சோபாவில் தள்ளி, அவர்மேலேயே உட்கார்ந்துகொண்டார். இதுவல்லவோ உண்மையான கனம்! போலீஸ் வருவதற்குள் யாரோ ஒரு பாரக்குண்டை உடைத்தார்கள். உள்ளே மணல்.

நண்பர்கள் இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு படியிறங்கினார்கள். "இவ்வளவு நாளா எனக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமேடா" என்றார் ஒருவர். "நீயும்தான்டா பண்ணல" என்றார் மற்றவர். மறுநாளே புது இயந்திரத்துக்குச் சொல்லியனுப்பியாயிற்று.

ஆனால் அன்று கூடத்தில் கூட்டம் மட்டும் கலையவில்லை. வாத்தியார் மெதுவாகக் கண்ணாடிக்காரரின் மனைவியிடம் வந்து கேட்டார்: "அம்மா, இந்த ஆளு பொய்தான். ஒத்துக்கறேன். ஆனா என் பக்கத்து வீட்டுக்காரன் நிஜமாவே என்னை விடக் கனமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று ஆர்வமாக நெருங்கினார்கள்.

"தெரிஞ்சு என்ன சார் பண்ணப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அடுத்தவன் மாடியை அண்ணாந்து பார்த்து நிற்கிறவனின் சட்டைப்பை, திறந்த வீடு மாதிரி. யார் வேண்டுமானாலும் புகுந்து எடுக்கலாம். கழுத்தைக் கொஞ்சம் இறக்குங்கள் ஐயா! அதன்மேல் ஒரு தலை இருக்கிறது. யோசிப்பதற்கும் அதைப் பயன்படுத்தலாமாம்.