மூணாவது சக்கரம் சொன்ன சாட்சி

மெர்வின் பார்டோ ஒரு முடிவு எடுத்துட்டாரு. சாகுற வரைக்கும் அந்த வண்டிய ஓட்டுறதுன்னு. யாரு சாகுற வரைக்கும்னு மட்டும் யோசிக்கல.

இங்கிலாந்துல மால்வெர்ன் மலையடியில அந்தப் பச்சை வண்டிய தெரியாத ஆளு கிடையாது. முன்னால ரெண்டு சக்கரம், பின்னால நடுவுல ஒண்ணே ஒண்ணு. கதவு கிடையாது, கூரை கிடையாது. எஞ்சின் மூக்குக்கு வெளிய வெட்கமில்லாம துருத்திட்டு நிக்கும். செஞ்சு ஒன்பது வருஷம்தான் ஆகுது. பாத்தா நூறு வருஷத்துக்கு முந்தி சண்டைக்குப் போன விமானம் இறக்கைய தொலைச்சுட்டு வீடு திரும்பின மாதிரி இருக்கும். ஸ்டார்ட் பண்ற பொத்தானுக்கு மேல ஒரு மூடி வேற, ஏதோ குண்டு போடப் போறாப்ல. அதைத் தூக்கி அமுக்கும்போது, எழுபத்திமூணு வயசு மனுஷன் தோல் தொப்பியும் பெரிய கண்ணாடியுமா பல்லைக் காட்டுவாரு. வருஷம் பூரா தூறுற ஊருல கூரை இல்லாத வண்டி. இதுக்குப் பேரு ரசனையாம்.

இப்ப கண்ணு போச்சு. முழுசா போகல. எதை நேரா பாக்குறாரோ அது மட்டும் காணாம போயிடும். சுத்தி எல்லாம் இருக்கும், நடுவுல ஒரு அழுக்குக் கறை. எட்டு மாசமா பொண்டாட்டி மூஞ்சிய அவரு பாக்கல. காலடி சத்தத்தையும் நீல ஸ்வெட்டரையும் வச்சு 'ஓ, க்ளெனிஸ்'னு கண்டுபிடிச்சு காலத்த ஓட்டுறாரு. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா வண்டி போயிடும். அந்த மூஞ்சியா இந்த வண்டியான்னு வந்தப்ப, வண்டின்னு முடிவு பண்ண மகான்.

க்ளெனிஸுக்கு யாரும் சொல்லத் தேவைப்படல. முதுகெலும்பு சொல்லிடுச்சு. சாதா காரு, ரோட்டுக் குழிய ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல விட்டுட்டுப் போயிடும். இதுல அந்த வேலை நடக்காது. முன்னால ரெண்டும் தப்பிச்சா, நடுவுல வர்ற மூணாவது நேரா உள்ள இறங்கும். ஓட்டுறவன் தூரத்துலயே பாத்து ஒடிக்கணும். முன்னெல்லாம் மெர்வின் ஒரு குழியில கூட இறக்க மாட்டாரு. இந்த வருஷம் ஒரு குழியக் கூட விடல.

போன செவ்வாய்க்கிழமை வளைவுல தபால்காரி டெஸ்ஸா வேலி ஓரமா நின்னுட்டிருந்தா. வண்டி உரசி அவ பையோட வேலிக்குள்ள விழுந்தா. பக்கத்து சீட்டுல க்ளெனிஸ் கத்துனது எஞ்சின் சத்தத்துல கேக்கல. மெர்வின் பாட்டுக்கு விசிலடிச்சுட்டு வீடு வந்து சேந்தாரு. அப்புறம் க்ளெனிஸ் போன் பண்ணி விசாரிச்சா. முழங்கையில ஆறு தையல். மெர்வின் உரசுனது மரக்கிளைன்னு அடம்புடிச்சாரு. வெறும் கிளை.

அந்த வாரமே லைசென்ஸ் ஃபாரமும் வந்துச்சு. எழுபது தாண்டுனா மூணு வருஷத்துக்கு ஒருக்கா வரும். கண்ணு தெரியுதான்னு கண்ணு தெரியாதவன்கிட்டயே கேக்குற ஃபாரம். எந்த அறிவாளி உக்காந்து யோசிச்சானோ. மெர்வின் எல்லாத்துக்கும் ஆமாம்னு போட்டு, தபால்ல சேத்துடச் சொல்லி பொண்டாட்டிகிட்ட நீட்டுனாரு.

க்ளெனிஸ் நிதானமா படிச்சா.

"இருபது மீட்டர் தூரத்துல நம்பர் பிளேட் படிக்க முடியும்னு போட்டிருக்க."

"முடியும்."

"அப்ப ஞாயித்துக்கிழமை சர்ச்சு விட்டு வந்ததும் படிச்சுக் காட்டு. எதிர்வீட்டு நைஜல் காரு. நம்ம கேட்லருந்து சரியா இருபது மீட்டர், அளந்துட்டேன். படிச்சா நானே ஒட்டிப் போடுறேன். இல்லன்னா சாவி எங்கிட்ட."

மெர்வின் தாராளமா ஒத்துக்கிட்டாரு. மனசுக்குள்ள ஒரே குஷி. எந்த காருன்னு முன்கூட்டியே சொல்லிட்டு பரீட்சை வைக்கிறாளே, இவளுக்கெல்லாம் எப்படி புத்தி வரும்னு.

சனிக்கிழமை சாயங்காலம் நைஜல் காருக்குப் பின்னால மண்டி போட்டாரு. மூக்கு பிளேட்ல இடிக்க, தலைய சாச்சு, ஓரக்கண்ணால ஒவ்வொரு எழுத்தா மேஞ்சாரு. செடிக்குத் தண்ணி ஊத்த வந்த நைஜல், விழுந்துட்டியாப்பான்னு பதறுனான். கையுறை விழுந்துடுச்சுன்னாரு மெர்வின். ரெண்டு கையிலயும் கையுறை இருந்துச்சு. அப்புறம் குளிக்கிற தொட்டியில உக்காந்து அதையே முப்பது தடவ ஒப்பிச்சாரு.

ஞாயித்துக்கிழமை தூறல். சர்ச்சுக்கு நடந்தே போயிட்டு வந்தாங்க. கேட்டுப் பக்கத்துல க்ளெனிஸ் கவரோட நின்னா. மெர்வின் நெஞ்ச நிமித்தி எதிர்ல பாத்தாரு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பச்சையா ஏதோ கலங்கலா இருந்துச்சு. நைஜல் காரும் பச்சைதான். போதும்.

"வி எக்ஸ் அறுபத்தேழு," கொஞ்சம் கண்ண சுருக்குனாரு, நடிப்புக்கு. "கே டி ஓ. கடைசி எழுத்துல சேறு ஒட்டியிருக்கு, கழுவச் சொல்லு அவன."

க்ளெனிஸ் கவர ஒட்டல.

"நேத்து நீ மண்டி போட்டத நைஜல் சொன்னான்," அப்படின்னா. "காலையில அவன் காரை எடுத்துட்டு மக வீட்டுக்குப் போயிட்டான். போறதுக்கு முன்னாடி இதைத் தள்ளி அங்க நிறுத்திட்டுப் போனான். போய்த் தொட்டுப் பாரு மெர்வின்."

மெர்வின் ரோட்டைத் தாண்டிப் போனாரு. கைய நீட்டுனாரு. கூம்பிப் போற வாலு. அதுக்குக் கீழ ஒத்தச் சக்கரம். பக்கவாட்டுல அவரே தினமும் துணி போட்டுத் தேய்ச்ச நீளமான புகைக்குழாய். விரலு பொத்தான் மூடி வரைக்கும் போயி அங்கயே நின்னுடுச்சு. பொண்டாட்டி மூஞ்சிய மறைச்ச அதே கறை, வண்டியவும் என்னைக்கோ தின்னுடுச்சு. இவருக்குத்தான் தகவல் வரல.

"எட்டு மாசமா என் மூஞ்சியும் தெரியல, இல்ல?" பின்னாலயே வந்து நின்ன க்ளெனிஸ் கேட்டா. கோவமா கூட கேக்கல.

மெர்வின் பாக்கெட்ல கைய விட்டு சாவிய எடுத்து, குரல் வந்த பக்கமா நீட்டுனாரு. அவ வாங்கிக்கிட்டா. கவரை நாலா கிழிச்சு கோட்டுப் பையில போட்டா. அவரு தலையில இருந்த தோல் தொப்பிய உருவி மாட்டிக்கிட்டு, ஓட்டுற சீட்டுல போயி உக்காந்தா.

"ஏறு," அப்படின்னா. "டெஸ்ஸா வீட்டுக்குப் போயி, கிளைகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வரலாம்."