பேகத்துக்கு மெத்தை போட்டவர்

குதிரைக்கு மெத்தை போடுவதற்கென்றே ஆண்டவன் ஒரு மனிதரைப் படைத்து, முகத்தில் சிரிப்பை மட்டும் வைக்க மறந்து, ஆம்பூருக்கு அனுப்பிவைத்தான் என்று நான் எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். அவருடைய சொந்தப் பெயர் முதலாளியைத் தவிர யாருக்கும் தெரியாது. எங்கள் தோல் கிடங்கில் இருநூறு பேரும் அவரை மெத்தைக்காரர் என்றுதான் சொல்வோம். அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பார்.

நான் அங்கே ரைட்டர். மதராசுக்கும் சீமைக்கும் போகிற தோல் கட்டுகளுக்கு இங்கிலீஷில் கடுதாசி எழுதுகிற உத்தியோகம். என் போதாத காலம், என் மேஜையை ஒட்டிய ஜன்னல் லாயத்தைப் பார்த்துத் திறந்தது. உள்ளே தோல் நாற்றம், வெளியே குதிரை நாற்றம், நடுவில் நான். இப்படிப் பன்னிரண்டு வருஷம்!

லாயத்தில் நான்கு குதிரைகள். மூன்று ஜட்காவுக்கு. நாலாவது பேகம் என்ற வெள்ளைப் பெட்டைக் குதிரை. முதலாளி வீட்டு விசேஷங்களுக்கு மட்டும் அது வெளியே வரும். பார்ப்பதற்கு நிலவு, பழக்கத்தில் சாக்கடை. கொட்டடியில் எத்தனை மூலை இருந்தாலும் நட்டநடுவில்தான் எல்லாவற்றையும் செய்யும். செய்துவிட்டு, அதன்மேலேயே இடது பக்கமாகச் சாய்ந்து, பட்டு மெத்தையில் படுத்த மாதிரி கண்ணை மூடிக்கொள்ளும்.

மெத்தைக்காரர் குதிரைக்குப் படுக்கை விரித்தால், முதலில் தாம் படுத்துப் பார்ப்பார். இது நான் கட்டிச் சொல்கிற கதை இல்லை. முழங்காலைத் தொப்பென்று ஊன்றுவார், உறுத்துகிறதா என்று பார்ப்பார். அப்புறம் ஒருக்களித்துப் படுத்துக் கன்னத்தை அழுத்தி மோந்து பார்ப்பார். ஒருமுறை மதராசிலிருந்து தோல் வாங்க வந்த பெரிய மனிதர் பேகத்தைப் பார்க்க லாயத்துக்குள் நுழைந்து, காலடியில் ஆள் கிடப்பதைக் கண்டு, "ஐயோ, குதிரை மிதிச்சு ஆள் செத்துட்டான்!" என்று அலறிவிட்டார். மெத்தைக்காரர் கண்ணைத் திறக்கவில்லை.

"சும்மா இருங்க சாமி. இன்னும் எடது பக்கம் பாக்கல" என்றார்.

அன்று அந்த வியாபாரம் படியவில்லை.

பேகத்துக்காக அவர் போடாத படுக்கை கிடையாது. வைக்கோல் போட்டார். ராத்திரி முழுக்க அது தன் படுக்கையைத் தின்றுவிட்டுக் காலையில் வெறும் தரையில் நின்றது. உமி போட்டார். குதிரை தும்மியது. உமி என் ஜன்னல் வழியாகப் பறந்து வந்து நானும் தும்மினேன். சீமைக்குப் போன ஒரு கடுதாசியில் பாதி என் தும்மல்தான். வேர்க்கடலைத் தோல் போட்டார். அதையும் தின்றது, எறும்பும் வந்தது. பாலாற்று மணல் போட்டார். மூத்திரம் நன்றாகத்தான் வடிந்தது. ஆனால் கீழே சிந்திய கொள்ளோடு மணலையும் சேர்த்து நக்கி, வயிற்று வலியில் மூன்று நாள் உருண்டது. அந்த மூன்று நாளும் மெத்தைக்காரர் சோறு தண்ணி தொடவில்லை.

கடைசியில் கீழே ஒரு சாண் மணல், மேலே கனமாக வைக்கோல், வைக்கோலுக்குள் வேப்பிலை என்று ஒரு வழி கண்டுபிடித்தார். வேப்பிலைக் கசப்புக்குப் பயந்து பேகம் படுக்கையைத் தின்பதை விட்டது. தினம் விடிந்ததும் ஈரத்தை மட்டும் வாரி வெளியே போட்டு, காய்ந்ததை ஓரத்தில் குவித்து, தரையை ஆறவிட்டு, மத்தியானம் மறுபடி விரிப்பார். ஒரு துரும்பில் ஈரம் தங்கினாலும் சாவு வீட்டில் நிற்கிறவர் மாதிரி தலையில் கை வைத்துக்கொள்வார்.

குதிரைகளை அவர் மூன்று ரகமாகப் பிரித்திருந்தார். மூலையில் போவது, நடந்துகொண்டே கலக்குவது, நடுவில் போய் அதன்மேலேயே படுப்பது. மனிதர்களையும் இந்தக் கணக்கில்தான் பார்ப்பார்.

"மொதலாளி மூலைல போற ரகம். தொட்டி மேஸ்திரி கலக்கற ரகம். நீங்க, ரைட்டரே..." என்று ஒருநாள் இழுத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பெருமூச்சு விட்டார். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு வாரம் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

அந்த வருஷம் மழை பொய்த்தது. அதே வருஷம் முதலாளி மகளுக்கு மேல்விஷாரத்தில் மாப்பிள்ளை நிச்சயமாயிற்று. முதலாளி பாக்கி வசூலிக்கவும் துணிமணி வாங்கவும் மதராசுக்குப் புறப்பட்டார். திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். போகும்போது என்னைக் கூப்பிட்டு, "ரைட்டர், லாயத்தை ஒரு கண் பாத்துக்கோ. மாப்பிள்ளை பேகம் மேலதான் ஊர்வலம் வரணும். சம்பந்தி வீட்ல சொல்லிட்டேன்" என்றார்.

அவர் ரயிலேறிய நாலாம் நாள் மெத்தைக்காரர் என் ஜன்னலில் வந்து நின்றார்.

"ரைட்டரே, வைக்கோல் சுத்தமா இல்ல. மாட்டுக்கே இல்லன்றாங்க. வெறும் மணல்ல படுத்து அவளுக்கு முட்டியெல்லாம் தேயுது. எங்கனா சொல்லி ஒரே ஒரு வண்டி வரவழைச்சுக் குடுங்க."

எனக்கு அன்று புத்தி ஜாஸ்தியாக வேலை செய்தது. கிடங்கின் பின்பக்கம் மலையாகக் குவிந்திருந்த சக்கையைக் காட்டினேன். தோல் ஊறிய தொட்டியிலிருந்து வாரிக் கொட்டிய ஆவாரம்பட்டையும் கடுக்காய்ச் சக்கையும். மெத்தென்று இருக்கும், தூசு பறக்காது, குதிரை தின்னாது, நாற்றமும் தெரியாது. அதைவிட்டு வைக்கோலுக்கு ஊர் ஊராக அலைவானேன் என்றேன்.

மெத்தைக்காரர் அந்தக் குவியலில் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். "செத்த தோலுக்குப் போடறத உசுரோட இருக்கற தோலுக்குப் போடச் சொல்றீங்களே" என்றார்.

"போடுங்க மெத்தைக்காரரே! எதுக்கெடுத்தாலும் அபசகுனம் பேசாதீங்க."

போட்டார். முதல் நாலைந்து நாள் பிரமாதமாக இருந்தது. லாயத்தில் நாற்றமே இல்லை. நான் பார்ப்பவர்களிடமெல்லாம் என் மூளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் மெத்தைக்காரர் வந்து இடது கன்னத்தைக் காட்டினார். செம்பழுப்பாகக் கறை. பேகத்தின் படுக்கையில் கன்னம் வைத்துப் பார்த்ததன் பலன்.

"எனக்கே இப்படின்னா அவளுக்கு?"

"கழுவினா போய்டும், போங்க."

பத்தாம் நாள் வந்தார். "கழுவிட்டேன் ரைட்டரே. சீயக்கா, உவர்மண்ணு எல்லாம் போட்டுப் பாத்தேன். போவல. குளம்பு வேற அடில கொழகொழன்னு ஆவுது. அள்ளி வெளிய போட்டுடட்டுமா?"

அள்ளிப் போட்டால் என் யோசனை தோற்றுப்போனது இருநூறு பேருக்கும் தெரிந்துவிடும். "அது நான் சொல்ற வரைக்கும் கெடக்கட்டும்" என்றேன். மூன்றாவது தடவை அவர் வந்தபோது கடுதாசி எழுதுகிற மாதிரி நடித்தேன். அவர் ஜன்னலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது முதலாளி திரும்பினார். வந்ததும் வராததுமாக, "பேகத்தை ஓட்டிட்டு வா" என்றார்.

மெத்தைக்காரர் ஓட்டிக்கொண்டு வந்தார். வலது பக்கம் பார்த்தால் வெள்ளைக் குதிரை. இடது பக்கம் பார்த்தால், கழுத்திலிருந்து தொடை வரை, சீமைக்கு அனுப்பத் தயாரான முதல்தரத் தோல். நாலு காலும் கணுக்கால் வரை கருநீலம். அது நொண்டிக்கொண்டே வந்தது.

தொட்டி மேஸ்திரி பழக்க தோஷத்தில் குனிந்து கையால் தடவிப் பார்த்து, "கலர் நல்லாத்தான் புடிச்சிருக்குது. கால்ல லாடம் பட்டுக் கறுத்துப்போச்சு" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பட்டைத் தண்ணீர் பக்கம் இரும்பு வரக் கூடாது என்பது எங்கள் கிடங்கில் குழந்தைக்கும் தெரியும். இரும்பு வாளியோடு தொட்டியருகே போனவன் மேஸ்திரியிடம் உதை வாங்காமல் திரும்பியதில்லை. இருநூறு பேர் இருந்தோம். குதிரைக் காலில் இருப்பதும் இரும்புதான் என்று ஒருத்தனுக்குத் தோன்றவில்லை. மற்றவர்களை விடுங்கள். கடுக்காய்க் கஷாயத்தில் இரும்பு உப்பான அன்னபேதியைப் போட்டு மாதாமாதம் மை காய்ச்சுகிறவன் நான். அந்த மையைத் தொட்டுத்தான் பிழைப்பே நடத்தினேன்.

சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறவன் ஒருவன், "சுண்ணாம்பு பூசிடலாமே, வெள்ளையாய்டும்" என்றான். மெத்தைக்காரர் குதிரைக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றார்.

"தோல்ல மயிர் எடுக்கறதே சுண்ணாம்ப போட்டுத்தானேடா! மாப்பிள்ளைய மொட்டைக் குதிரை மேல ஏத்துவியா?"

இதற்குச் சிரித்தவர்கள் முதலாளி முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். முதலாளி கறையைச் சுட்டிக் காட்டினார். "பட்டையப் போடச் சொன்னது யாரு?" என்றார்.

நான் முதலாளிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். 'நான்' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? வீட்டு வாடகை, மனைவி, மகன் படிப்பு எல்லாம் கண் முன்னால் வந்தன. மெத்தைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை.

"நான்தான் மொதலாளி" என்றார்.

"நீயும் வேணாம், இந்த நொண்டியும் வேணாம்! என் கண்ணு முன்னால நிக்காதீங்க!"

"எனக்கு ஒண்ணும் வேணாம் மொதலாளி. இவள மட்டும் குடுங்க."

"எடுத்துட்டுத் தொலை!"

மாப்பிள்ளை வாணியம்பாடியில் இரவல் வாங்கிய ஒரு சாம்பல் குதிரையில் வந்தார். அது பேண்டு வாத்தியச் சத்தத்துக்கு மிரண்டு, பின்பக்கமாகவே நடந்து, ஊர்வலம் முடிய இரண்டு மணி நேரம் ஆயிற்று. நான் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மெத்தைக்காரரைக் கேட் வரைக்கும் விடப் போனதே என் நினைவில் இருந்தது.

"ஏன் மெத்தைக்காரரே அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டிருந்தேன்.

"வாயால சொன்னது நீங்க. கையால போட்டது நானு. ஆவாதுன்னு தெரிஞ்சே போட்டேன் இல்ல?" என்றார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பேகத்தின் நொண்டல் நடைக்கு ஏற்ற மாதிரி மெதுவாகப் போனார்.

ஒரு மாதம் கழித்து, மனசு அரித்துத் தாங்காமல் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியும்யா. அந்த ஆளு அதை எதிர்த்துத்தான் இருப்பான், அது எனக்குத் தெரியாதா? குதிரைக்காரன் வேற ஒருத்தன் கெடைப்பான். இங்கிலீஷ் கடுதாசி எழுத ஆளுக்கு எங்க போவேன்? போய் வேலையப் பாரு" என்றார். போய் வேலையைப் பார்த்தேன். என்னை அவர் செருப்பால் அடித்திருக்கலாம்.

ஆவாரம்பட்டை விற்க வந்த ஒருவன், மெத்தைக்காரர் நாட்றம்பள்ளியில் வண்டிக் குதிரைகள் கட்டுகிற கொட்டகையில் இருப்பதாகச் சொன்னான். போக வேண்டும் போக வேண்டும் என்று எட்டு மாதம் ஓட்டினேன். பயம்தான், வேறென்ன? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தேன். அவர் யாருடைய குதிரைக்கோ வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். இன்னும் மெலிந்திருந்தார். பேகத்தைக் காணவில்லை.

"இன்னா ரைட்டரே, இவ்ளோ தூரம்?" என்றார். நான் கொட்டகையைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதைக் கண்டு வைக்கோலைக் கீழே வைத்தார்.

"குளம்பு ஆறவே இல்ல. அழுகல் மேல ஏறிடுச்சு. ஐப்பசில போய்ட்டா."

அங்கிருந்த தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். அவர் அருகில் வந்து, குரலைத் தாழ்த்தி, ஏதோ நல்ல சேதி சொல்கிற மாதிரி சொன்னார்:

"உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். பழைய முடியெல்லாம் கொட்டிப் புது முடி வந்துடுச்சு ரைட்டரே. ஒரு பொட்டு கறை இல்ல. வெள்ளையாத்தான் போனா."

என் அப்பா செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. வண்டிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெத்தைக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். அது வைக்கோலும் குதிரையும் கலந்த வாசனை அடித்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டேன். திருப்பிக் கொடுக்க மனசு வராமல், அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.