முகம் எடுக்கிற லென்ஸ்

சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடமில்லை. குட்டையும் நெட்டையுமாக லென்ஸ்கள் மேஜை முழுக்க நின்றுகொண்டிருந்தன. பல் டாக்டர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து விளக்குக்கு நேரே பிடித்து, நோயாளியின் கடைவாயைப் பார்ப்பது போல ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, சாப்பாடு ஆறிப் போகுது. தட்டை எங்க வைக்கட்டும், உங்க தலையிலயா?" என்றாள் மனைவி.

"கொஞ்சம் இரும்மா. ஒரு வாரம் ஆத்துல போகப்போறோம். எந்த லென்ஸை எடுத்துக்கறது, எதை விடறதுன்னு முடிவு பண்ண வேண்டாமா?"

"ஒண்ணு போதுமே."

டாக்டர் சிரித்தார். எல்லாம் தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் மட்டுமே சிரிக்கக்கூடிய சிரிப்பு அது.

கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆனதற்காக இந்த ஆற்றுக் கப்பல் பயணம். கப்பலைத் தேர்ந்தெடுத்தது, அறை பிடித்தது எல்லாம் மனைவிதான். பதிலுக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்று. ஹால் சுவர் முழுக்க டாக்டர் எடுத்த படங்கள் தொங்கின. கொக்கு, நாரை, பாலம், மழையில் நனைந்த சாக்கடை மூடி. சாக்கடை மூடிக்குக் கிடைத்த இடம் மனைவிக்குக் கிடைக்கவில்லை. போன மாதம் அவளே சுத்தியலை எடுத்து, சோபாவுக்கு மேலே ஓர் ஆணியை அடித்து வைத்தாள்.

"இந்த ஆணியில என் படம் மாட்டணும். கப்பல்ல நீங்க எடுத்ததா இருக்கணும், நான் நல்லா சிரிச்ச மாதிரி இருக்கணும். இல்லேன்னா உங்க கொக்கு, நாரை எல்லாம் கிளினிக்குக்குக் குடி போயிடும்."

டாக்டர் அவளைப் படம் எடுக்க முயலாமல் இல்லை. எடுத்த படங்களில் எல்லாம் அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு, வங்கியில் கடன் கேட்க வந்தவள் போல நின்றாள். கல்யாணமான புதிதில் அவளுடைய தெத்துப்பல்லைப் பார்த்துவிட்டு, "இதை ஒரு நாள் சரி பண்ணிடலாம்மா" என்று தொழில் பாசத்தில் சொல்லியிருந்தார். அன்றைக்கு மூடிய வாய்தான். சொன்னது அவருக்கு மறந்தே போயிற்று. கோளாறு லென்ஸில்தான் என்று முடிவு கட்டியிருந்தார்.

மறுநாள் கிளினிக்கில் ஆலோசனை நடந்தது.

"முகம் எடுக்கறதுக்குன்னே ஒரு லென்ஸ் இருக்கு சார். வாங்கிடலாம்னு பாக்கறேன். என்ன சொல்றீங்க?"

நாற்காலியில் சாய்ந்திருந்தவர் வாயில் பஞ்சும் குழாயும் இருந்தன. "ஆ... ஆ..." என்றார்.

"அதேதான் நானும் நினைச்சேன்!"

டாக்டருக்கும் நோயாளிகளுக்கும் இடையே கருத்து வேறுபாடு வந்ததே கிடையாது.

"எனக்குக் கண்ணு அப்படி சார். முகம் மறந்தாலும் மறந்துடும், பல்லு மறக்காது. ஒரு தடவை பார்த்த பல்லை எங்க பார்த்தாலும் கண்டுபிடிச்சிடுவேன்."

சாயந்திரம் கேமரா கடைக்குப் போனார். கடைக்காரர் அந்த லென்ஸைக் கைக்குழந்தையைப் போல எடுத்து நீட்டினார்.

"இதுல எடுத்தா முகம் மட்டும் தனியா நிக்கும் டாக்டர். பின்னாடி இருக்கற உலகமே கரைஞ்சு போயிடும்."

உலகத்தைக் கரைப்பதற்கு விலை கொஞ்சம் அதிகம்தான். டாக்டர் கையிலிருந்த சின்ன லென்ஸை, எல்லாவற்றுக்கும் பொதுவானதை, மாற்றாகக் கொடுத்து மேலே பணமும் கட்டி வாங்கி வந்தார்.

"அந்தச் சின்னது எங்கங்க? கப்பலுக்கு அதுதானே சரியா இருக்கும்?" என்றாள் மனைவி.

"எல்லாத்துக்கும் உதவறது எதுக்கும் உதவாதும்மா. குடுத்துட்டேன்."

"மேல்தளம் குறுகலா இருக்கும். பின்னாடி நகர்ந்து எடுக்கவே முடியாது. கரையும் கிட்டக்கதான் வரும், பீரங்கி மாதிரி அந்த நீள லென்ஸ் வேற எதுக்கு?"

"நீ என்னமோ கப்பல்லயே பொறந்து வளர்ந்தவ மாதிரி பேசறியே!"

மனைவி உதட்டை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அறை சின்னது, ஆளுக்கு ஒரு பைதான் என்று கப்பல்காரர்கள் சொல்லியிருந்தார்கள். டாக்டரின் பை லென்ஸிலேயே நிறைந்தது. மிச்ச லென்ஸ்கள் மனைவியின் பைக்குள் குடியேறின. அதற்கு இடம் கொடுத்து அவளுடைய செருப்பு வெளியே வந்தது, தலை காயவைக்கிற மிஷின் வெளியே வந்தது.

"என் நீலச் சால்வை எங்க? படத்துக்குப் போட்டுக்கலாம்னு வச்சிருந்தேனே."

"அதுலதான் பெரிய லென்ஸ் தூங்குது. எழுப்பாதே."

போன வருடம் புகைப்படச் சங்கத்தோடு ஒரு வாரம் பறவை எடுக்கப் போனபோது இதைவிட அதிகம் சுமந்ததாக அவர் ஆறுதல் சொன்னார். அந்த வாரம் மனைவி தன் தங்கை வீட்டிலோ எங்கேயோ இருந்ததாக அவருக்கு நினைவு. திரும்பி வந்தபோது எப்படி இருந்தது என்று அவர் கேட்கவில்லை. நாரைகளைப் பற்றிச் சொல்லி முடிக்கவே நேரம் சரியாக இருந்தது.

கப்பலில் ஏறியதும், சாப்பாட்டு ஹாலில் பரிமாறுகிற நடுவயதுக்காரர் ஓடி வந்தார். "வாங்கம்மா, வாங்க!" என்று மனைவியின் பையை வாங்கிக்கொண்டு, மேல்தளத்தில் இடது ஓரமாக, காற்று நன்றாக வருகிற நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"பார்த்தியா? கழுத்துல கேமரா தொங்கினா அதோட மரியாதையே வேற" என்றார் டாக்டர்.

முதல் நாளே முகம் எடுக்கிற லென்ஸைப் பூட்டினார். மனைவியின் மூக்கு மட்டும் தெரிந்தது. ஓரடி பின்னால் போனார். மூக்கோடு ஒரு கண்ணும் சேர்ந்தது. இன்னும் பின்னால் போனார். பழச்சாறு தட்டு ஒன்று அவர் முதுகில் கவிழ்ந்தது. அதற்கும் பின்னால் கம்பி, கம்பிக்குப் பின்னால் ஆறு.

சரி என்று அகலமான லென்ஸுக்கு மாறினார். இப்போது மனைவி முழுதாக வந்தாள். படத்தைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்:

"யாருங்க இது? இந்த நெத்தியில நாலு பேர் பாய் விரிச்சுப் படுக்கலாமே!"

மறுநாள் கப்பலின் அந்தக் கோடிக்குப் போய்ப் பீரங்கியைத் தூக்கினார். நடுவில் இருந்தவர்களை எல்லாம் குனியச் சொன்னார். பாவம், வரிசையாகக் குனிந்தார்கள். ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அவரை நிமிர்த்துவதற்குள் ஆறு வளைந்து, கப்பல் திரும்பி, வெளிச்சம் மனைவியின் முதுகுப் பக்கம் போய்விட்டது.

"காலைல எடுப்போம். வெளிச்சம் பட்டு மாதிரி இருக்கும்."

"காலைல ஏசி ரூம்லேர்ந்து வெளிய வந்தா கண்ணாடியெல்லாம் பனி மூடிடுங்க. கொஞ்ச நேரம் முன்னாடியே கொண்டு வந்து வைங்க."

"யாரும்மா சொன்னது உனக்கு இதெல்லாம்?"

காலையில் லென்ஸ் பனி மூடியது. டாக்டர் அவசரத்தில் நீலச் சால்வையால் துடைத்தார். மனைவியின் முகக்கிரீம் டப்பா லென்ஸ்களின் நெரிசலில் திறந்துகொண்டு, பாதிக் கிரீமைச் சால்வைக்கு ஊட்டியிருந்தது. இப்போது லென்ஸ் வழியாகப் பார்த்தால் உலகம் பாலில் மிதந்தது. கடைக்காரர் சொன்னபடியே கரைந்துவிட்டது, முகத்தையும் சேர்த்து. கிரீமைப் போக்கக் கைவசம் இருந்தது வாய் கொப்பளிக்கிற மருந்துத் தண்ணீர்தான். தொழில்காரர் அல்லவா? அதையும் ஊற்றித் துடைத்தார். லென்ஸ் கோடு கோடாகக் காய்ந்து, புதினா வாசனை அடித்தது.

கடைசி நாள் சாயந்திரம் வந்தது. கிரீமும் புதினா மருந்துமாகக் கிடந்த சால்வையை ஓரமாகப் போட்டுவிட்டு, லென்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். படம் என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை. அதுதான் டாக்டரை உறுத்தியது. சண்டை போட்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"போதும் விடுங்க. பக்கத்துல வந்து உக்காருங்க, சூரியன் இறங்கப் போகுது" என்றாள் மெதுவாக. அவளுக்கு உண்மையிலேயே ஆசையாக இருந்தது.

"அந்த வெளிச்சம்தாம்மா வேணும்! ரெண்டே நிமிஷம். நல்ல துணியா ஒண்ணு வாங்கிட்டு ஓடி வந்துடறேன்."

கீழே சாப்பாட்டு ஹாலில் பரிமாறுகிறவர் துணியைத் தேடி எடுப்பதற்குள், டாக்டரின் கண், இத்தனை நாள் லென்ஸ் துடைக்கிற மும்முரத்தில் கவனிக்காத, சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தில் விழுந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண், கப்பல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஆறு பளபளத்தது. இவ்வளவு சந்தோஷமான ஒரு முகத்தை டாக்டர் எங்கேயும் பார்த்ததில்லை. அவருக்கு வயிறு எரிந்தது.

"யாரு எடுத்தது இது? எந்த லென்ஸ்?"

"லென்ஸாவது ஒண்ணாவது சார். போன்ல நான்தான் எடுத்தேன். மேலதிகாரிக்குப் பிடிச்சுப்போய் பெரிசாக்கி மாட்டிட்டாரு."

டாக்டருக்குக் கொஞ்சம் பெருந்தன்மை வந்தது.

"தப்பா நினைக்காதீங்க, இதுல உங்க கைவேலை ஒண்ணுமில்ல. எல்லாம் அந்த முகம்! சிரிப்பைப் பாருங்க. அந்தத் தெத்துப்பல்லு இருக்கே, அதுதாங்க அழகே. நான் பல் டாக்டர், சொல்றேன். இதைச் சரி பண்ணணும்னு எவனாவது சொன்னா அவனைவிட மடையன் கிடையாது."

"சரிங்க சார்."

"எனக்கும் ஒருத்தி வாய்ச்சிருக்காளே, உதட்டையே திறக்க மாட்டா. இப்படி ஒரு ஆளு கிடைச்சா ஒரே லென்ஸ்ல வேலையை முடிச்சிடுவேன். யாருங்க இந்த அம்மா?"

துணியை நீட்டிய கை அப்படியே நின்றது.

"என்ன சார், விளையாடறீங்களா? மேல உங்க லென்ஸ் பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்களே, போன வருஷம் தனியா வந்தாங்களே, அந்த அம்மாதான் சார்!"