இடுப்பு வலிக்குக் கற்பூர சத்தியம்

இன்ஷூரன்ஸ் கம்பெனியை மண்ணைக் கவ்வ வைக்காமல் மீசையைக் கத்தரிப்பதில்லை என்று அம்பிகைபாகன் சபதம் போட்டு மூன்று மாதமாகிவிட்டது. கம்பெனி மண்ணைக் கவ்வவில்லை. மீசைதான் காப்பியைக் கவ்விக்கொண்டிருந்தது.

வினை ஆபீஸ் விளையாட்டு விழாவில் பிடித்தது. கயிறு இழுக்கும் போட்டியில் கிளார்க்குமார் கட்சிக்குக் கடைசி ஆள் அவர். கயிறு போன பக்கம் ஆளும் போனார். இடுப்பு மட்டும் கூட வர மறுத்துவிட்டது. தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் போட்டார்கள்.

"இந்த வலி எத்தனை நாளா இருக்கு?" என்று டாக்டர் கேட்டார். கட்டிலோரம் மனைவி செல்வநாயகி நின்றிருந்தாள். மனிதர் என்ன செய்வார்? வீட்டில் அவருக்குப் பத்து வருஷமாக இடுப்பு வலி. பாசாரில் காய்கறி வாங்கிக் கூடை தூக்க முடியாது. சமையல் கேஸ் தீர்ந்தால் தோம்பு நகர்த்த முடியாது. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கவே முடியாது. அத்தனையும் பச்சைப் பொய். சாயங்காலமானால் குப்புறப் படுப்பார், அவள் தைலம் தேய்ப்பாள். தைலத்தில் லேசாக வடை வாசனை வரும். சமையல் செய்த கைதானே என்று விட்டுவிடுவார்.

"பத்து வருஷமா, டாக்டர்" என்று முனகினார்.

டாக்டர் அப்படியே எழுதிவிட்டார். கம்பெனி கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பழைய வியாதியை மறைத்துப் பாலிசி எடுத்தவருக்கு ஒரு காசு கிடையாதாம்!

இடுப்பு நேரானதும் அம்பிகைபாகன் டைப்ரைட்டரை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினார். 'வருந்துகிறோம்' என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஜெலுத்தோங்கிலிருந்து பஸ் பிடித்து பீச் ஸ்ட்ரீட் ஆபீசுக்கு நேரிலேயே போனார். எப்போது போனாலும் ஆபீசர் மக்கான் போயிருந்தார். அப்படி என்னதான் சாப்பிடுவார்களோ! ஆஸ்பத்திரிக்குக் கட்டச் செல்வநாயகி கழற்றிக் கொடுத்த காப்புகள் அடகுக் கடையில் கிடந்தன. அவளுடைய வெறுங்கையைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஒருநாள் அந்த ஆபீசர், ஷேக் அலாவுதீன், வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, முன்னால வலி இல்லைன்னு வீட்டு ஆளு ஒருத்தர் சாட்சி சொன்னா போதும்லா. நான் முடிச்சுக் குடுக்கிறேன்."

அம்பிகைபாகன் மனைவியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

"சொல்லேன், செல்வம்."

"என்னத்த?"

"எனக்கு இடுப்பு வலியே இருந்ததில்லைன்னு."

"ஐயையோ! பத்து வருஷமா தைலம் தேய்ச்ச கைங்க இது. பொய்ச் சாட்சி சொன்னா புழுத்துப் போயிடும்."

"இது பொய் இல்லடி."

"அப்ப எது பொய்?"

அம்பிகைபாகன் கூரையைப் பார்த்தார். அங்கே ஒரு பல்லிகூடத் துணைக்கு இல்லை.

"அந்தப் பத்து வருஷம்."

"காதுல விழல."

"வலி இல்லடி! ஒரு நாள்கூட இல்ல! கூடை தூக்கச் சோம்பல்! போதுமா?"

ஷேக் அலாவுதீன் பேனாவைத் திறந்தார். செல்வநாயகி உள்ளே போய்க் கற்பூரத் தட்டோடு வந்தாள்.

"அக்கா, கம்பெனிக்குக் கற்பூரமெல்லாம் வேணாம். வாய் வார்த்தை போதும்."

"உங்க கம்பெனிக்குப் போதும், தம்பி. எனக்குப் போதாது."

முருகன் படத்துக்கு முன்னால் அம்பிகைபாகன் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தார். இதுவரை வலி இருந்ததில்லை, இனிமேலும் வலி என்று பொய் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தார். பின்பாதியை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். அதற்கப்புறம்தான் சாட்சி சொன்னாள்.

செக் வந்தது. காப்புகள் கைக்குத் திரும்பின. அம்பிகைபாகன் ஜெயித்த மிதப்பில் மீசையைக் கத்தரித்துவிட்டு வந்தால், வாசலில் பாசார் கூடை காத்திருந்தது.

"போயிட்டு வந்து தோம்பை மாத்திடுங்க. அப்புறம், கம்பெனிப் பணம் வந்தா தண்ணீர்மலை முருகனுக்குப் பால்காவடின்னு நேர்ந்திருந்தேன்."

"நல்லது. நீ எடுக்கிறியா?"

"நேர்ந்தது நான். எடுக்கப்போறது நீங்க."

"அத்தனை படியா! செல்வம், என் இடு…"

அவள் முருகன் படத்தைப் பார்த்தாள். இடுப்புக்குப் போன அவருடைய கை மெதுவாகத் தோளுக்கு ஏறியது.

"தோள் வலிக்கும்னு சொல்ல வந்தேன். அந்தத் தைலத்தையாவது எடுத்து வை."

"பார்க்கலாம், வடை சுட்ட எண்ணெய் மிச்சம் இருந்தா" என்றாள் செல்வநாயகி.